செய்நிரற் கல்விக்கு நிறமும் கோலமும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, எதை எழுதுவதென்று சில நாள் தயங்கினேன். கல்லூரிக் காலத்து நினைவுகளை எழுத வல்லார் பலர் உளர். அவர்கள் என்னிலும் நன்றாக எழுதுவர். ஆதலின், ஓய்வு பெற்ற பின்னர் அன்புவழிபுரத்தில் என் வீட்டு விறாந்தையிலே சனிக்கிழமைதோறும் நான் செய்துவரும் சிறு முயற்சியொன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். கணினிக்குச் செய்நிரல் எழுதுங் கலையை, அதனை முன்னர் ஒருபோதும் அறியாத பிள்ளைகளுக்கு நிறங்களையும் படங்களையும் கொண்டு தொடங்கிவைப்பது எவ்வாறு என்பதே இக் கட்டுரையின் பொருள். இதனை மாணவரும் படிப்பர், ஆசிரியரும் படிப்பர், இத் துறையோடு யாதுந் தொடர்பில்லாத என் வகுப்புத் தோழரும் படிப்பர். ஆகவே, எல்லார்க்கும் விளங்குமாறு கூற முயல்வேன்.

செய்நிரல் என்பது யாது?

ஒரு வேலையை முடித்தற்கு வேண்டிய கட்டளைகளை, ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்த தொகுதியே செய்நிரல். வீட்டிலே தம்பியை அழைத்து, “கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா” என்றால் அவன் போய் வாங்கி வருவான். எந்தக் கடை, எவ்வளவு சீனி, கடை பூட்டியிருந்தால் என்ன செய்வது என்பவற்றை நாம் சொல்லாமலே அவன் அறிவான். கணினியோ எதனையும் தானாக ஊகித்துக் கொள்வதன்று. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, பிழையாகச் சொன்னால் பிழையாகவே செய்யும். ஆகவே, செய்நிரல் எழுதக் கற்பவன் உண்மையிற் கற்பது தன் எண்ணத்தைத் தானே சிறு சிறு படிகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தையாகும்.

இப் பழக்கத்தை ஊட்டுவதற்கு நாம் கையாளும் முறையிலேதான் குறை இருக்கின்றது. நான் இதனை முதன்முதலாகக் கற்க முற்பட்ட வகுப்பொன்று இன்னும் நினைவில் நிற்கின்றது. இயந்திரம் துணியால் மூடப்பெற்று ஒரு மூலையில் இருந்தது. ‘மாறி’ என்பதன் வரைவிலக்கணத்தையும், கட்டளைகளின் பெயர்களையும் கொப்பியில் எழுதி மனனஞ் செய்தோம். வாரங்கள் பல கழிந்தபின் நான் எழுதிய முதற் செய்நிரல் இரண்டு எண்களைக் கூட்டி விடை தந்தது. அவ்விடையை நான் மனக்கணக்காகவே அறிவேன்! அதற்கு முன்னர் மும்முறை பிழைத்தது. ஒவ்வொரு முறையும் விளங்காத ஆங்கில வாசகமொன்று திரையில் தோன்றியது. எங்கே பிழை, ஏன் பிழை என்பது எனக்குத் தெரியவில்லை. என்னோடு கற்றவர்களிற் சிலர், “இது எங்களுக்கு உரியதன்று” என்று அன்றே முடிவு செய்துவிட்டனர். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். தம் பிழையைத் தாமே காணும் வாய்ப்பு அவர்களுக்கு வழங்கப்படவில்லை என்பதே உண்மை.

இன்று நம் நாட்டிலே க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் ஒரு பாடமாக அமைந்துள்ளது. ஆயினும், தொடக்கத்திலேயே அஞ்சி விலகும் பிள்ளைகள் இன்றும் உளர். அவர்களுக்காகவே நிறமும் படமும் வேண்டுமென்கின்றேன். கூட்டற் கணக்கிலே நேர்ந்த பிழை எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். படத்தில் நேர்ந்த பிழையோ கண்முன்னே நிற்கும்.

முற்றத்திலே ஒரு செய்நிரல்

தைப்பொங்கலன்று முற்றத்திலே கோலம் போடும் ஆச்சியைக் கவனித்துப் பாருங்கள். முதலிற் புள்ளிகளை இடுகின்றார்: 1, 3, 5, 3, 1 என ஐந்து வரிசை. பின்னர் ஓர் ஒழுங்கின்படி இழைகளை வளைத்துச் செல்கின்றார். இழை புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கின்றது. அவருக்கு வழிகாட்டுவது படமன்று, விதி. அவ் விதியைப் பேர்த்திக்கு வாயாற் சொல்லிக்கொடுக்கின்றார். அவள் அதனைக் கொண்டு ஏழு புள்ளியிலும் ஒன்பது புள்ளியிலும் பெரிய கோலம் போடுகின்றாள். செய்நிரல் என்பது இதனின் வேறன்று.

இஃது உவமைக்காகக் கூறியதென்று எண்ணிவிடற்க. சென்னைத் தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியிற் பணியாற்றிய பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, அவர்தம் துணைவியார் இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும், கோலங்களை ஆக்கும் விதிகளைக் கணித முறையில் ஆராய்ந்து, 1974இல் கணினி வரைகலைக்குரிய பன்னாட்டு ஆய்விதழொன்றிலே கட்டுரை வெளியிட்டனர். ஒரு மொழியின் இலக்கணம் சில விதிகளைக்கொண்டு எண்ணிறந்த வாக்கியங்களை ஆக்க வல்லது. அவ்வாறே, நிரையும் நிரலுமாய் அமைந்த கட்டங்களிற் குறிகளை நிரப்பும் சில விதிகளைக்கொண்டு கோலங்களின் குடும்பம் ஒன்றையே ஆக்கலாம் என்பது அவர்தம் ஆராய்ச்சியின் சாரம். அதன்பின், செடிகளின் வளர்ச்சியைக் கணித விதிகளால் விளக்குவதற்காக அரிஸ்டிட் லின்டன்மயர் என்னும் அறிஞர் 1968இல் வகுத்த முறையினாலும் கோலங்களை வரைந்து காட்டினர். நம் முற்றத்துக் கலை இவ்வாறு கணினி விஞ்ஞானிகளின் நூல்களிலே இடம் பெற்றுவிட்டது. நம் வகுப்பறைக்குள் அது நுழைதற்கு மட்டும் தடை யாது?

அந்தக் கோலத்தையே பாடமாகக் கொள்வோம். ஐந்து வரிசைகளிலும் எத்தனை புள்ளி வைப்பதென்று கணினிக்கு எவ்வாறு கூறுவது? வரிசை எண்ணை ஒரு பெயரால் அழைக்க வேண்டும். அதன் பெறுமானம் 1இலிருந்து 5வரை மாறிச் செல்லும். அதுவே ‘மாறி’. ஒரே செயலை ஐந்து முறை செய்ய வேண்டும். அது மீளச் செய்தல். மூன்றாம் வரிசைவரை புள்ளிகள் கூடுகின்றன, பின்னர் குறைகின்றன. ஆகவே, வரிசை எண் 3 அல்லது அதனிற் சிறிதாயின் அதனை இரட்டித்து ஒன்றைக் கழி. பெரிதாயின் அதனை 6இலிருந்து கழித்து, வந்ததை இரட்டித்து ஒன்றைக் கழி. இது நிபந்தனை. நான்காம் வரிசைக்கு இவ் விதியைப் பொருத்திப் பாருங்கள்: 6இலிருந்து 4 போக 2, இரட்டித்தால் 4, ஒன்று குறைய 3. கோலத்திலும் மூன்றே புள்ளி. மாறி, மீளச் செய்தல், நிபந்தனை என்னும் மூன்றும் செய்நிரற் கல்வியின் அடித்தூண்கள். அவை மூன்றும் பதின்மூன்று புள்ளிகளுக்குள் அடங்கியிருத்தலைக் கண்டு பிள்ளைகள் வியப்படைகின்றனர்.

இயந்திரம் இன்றியே முதற் பாடம்

முதல் மூன்று சனிக்கிழமைகளிலும் என் விறாந்தையிலே கணினி திறக்கப்படுவதில்லை. வேண்டுவன சதுரக் கோடிட்ட கொப்பியும் நிறப் பென்சில்களுமே. திரையிலே நாம் காணும் படமெல்லாம் நுண்ணிய சதுரங்களாலானது. அவற்றைப் படப்புள்ளிகள் என்பர். கொப்பியின் சதுரங்களை அப் புள்ளிகளாகக் கொள்கின்றோம்.

இருவர் இருவராகப் பிள்ளைகள் முதுகோடு முதுகு பொருந்த அமர்கின்றனர். ஒருவன் எட்டுக்கு எட்டுச் சதுரத்துள் மீன் ஒன்றையோ ஓர் எழுத்தையோ நிறந்தீட்டி வைத்திருப்பான். அதனை மற்றவனுக்குக் காட்டலாகாது. சொல்லாலேயே அறிவிக்க வேண்டும். “முதல் வரிசை: மூன்று வெள்ளை, இரண்டு நீலம், மூன்று வெள்ளை” என்று அவன் சொல்ல, மற்றவன் தன் கொப்பியிலே தீட்டுவான். முடிவில் இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் சிரிப்பைக் கேட்டல் வேண்டும். மீனின் வால் தலைப்பக்கம் போயிருக்கும். உடனே விசாரணை தொடங்கும்: சொன்னவன் பிழையா, கேட்டவன் பிழையா, எந்த வரிசையிற் பிழை? பிழையைத் தேடிக் கண்டு திருத்தல் செய்நிரல் எழுதுவோரின் அன்றாடத் தொழில். அதனை இச் சிறுவர்கள் அச்சமின்றி, விளையாட்டாகவே தொடங்கிவிடுகின்றனர். “மூன்று வெள்ளை, இரண்டு நீலம்” என்று எண்ணிக்கையாற் சுருக்கிச் சொல்லும் முறையும் கணினிகள் படங்களைச் சுருக்கி வைப்பதற்குக் கையாளும் உண்மையான முறைகளில் ஒன்றேயாம்.

கணினியின்றிக் கணினி விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் இத்தகைய விளையாட்டுகளை நியூசிலாந்திலே ரிம் பெல் என்பாரும் அவர்தம் நண்பர்களும் 1990களிலே தொகுத்து உலகுக்கு வழங்கினர். இயந்திரங்கள் போதாத பாடசாலைகளுக்கு அவை பெரிதும் பயன்படுவன.

ஒளியின் நிறங்கள்

நான்காஞ் சனிக்கிழமை கணினியைத் திறக்குமுன்னர் ஒரு வினா: “சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் என்ன நிறம்?” சித்திர வகுப்பிலே சாயங் கலந்த அனுபவத்தால், “மண்ணிறம்” என்று பிள்ளைகள் ஒருமுகமாகக் கூறுவர். பின்னர் இரண்டு டோர்ச் விளக்குகளை எடுத்து, ஒன்றின் முகத்திலே சிவப்புக் கண்ணாடித் தாளையும், மற்றதன் முகத்திலே பச்சைக் கண்ணாடித் தாளையுங் கட்டி, இருட்டறையிலே வெள்ளைச் சுவரில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று விழச் செய்கின்றோம். இரண்டும் பொருந்துமிடத்திலே மஞ்சள் தோன்றுகின்றது. சாயங்கள் ஒளியை உறிஞ்சுவன. ஆகவே கலக்குந்தோறும் இருளும். ஒளிகளோ சேருந்தோறும் பொலியும். இவ் வேறுபாட்டைக் கண்ணாற் கண்ட பிள்ளை ஒருபோதும் மறப்பதில்லை.

திரையிலே சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளே உள்ளன. ஐயமுறுவோர் கைத்தொலைபேசியின் திரையில் வெண்மையான பகுதியொன்றின்மேல் மிகச் சிறிய நீர்த்துளியை இட்டு உற்று நோக்குக. துளி உருப்பெருக்கிக் கண்ணாடிபோல நின்று அம் மூன்று நிறத் துணுக்குகளையுங் காட்டும். மூன்றே போதுமாயிருத்தற்குக் காரணம் நம் கண்ணில் உள்ளது: நிறத்தை அறியும் கூம்புக் கலங்கள் அங்கே மூவகைப்படும். இதனை அடியாகக் கொண்டே, ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்னும் பௌதிக அறிஞர் 1861இல் இலண்டனில், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வடிகளினூடாக எடுத்த மூன்று ஒளிப்படங்களைத் திரையில் ஒன்றாகப் பொருத்தி, நிறப்பட்டி நாடாவொன்றின் நிறப்படத்தைக் காட்டினார்.

ஒவ்வோர் ஒளியின் அளவும் 0இலிருந்து 255வரை ஓர் எண்ணாற் குறிக்கப்படுகின்றது. ஏன் 255? எட்டு ஆளிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் போட்டும் அணைத்தும் பார்த்தால் 256 வகையான அமைப்புகள் கிடைக்கும். சுழியத்தையுஞ் சேர்த்து எண்ணினால் இறுதி எண் 255. மூன்று நிறங்களுக்கும் 256ஐ மும்முறை பெருக்க, 16,777,216 நிறங்கள் வருகின்றன. இவ்வளவையும் நான் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் ஒரு பிள்ளையும் கேட்டிராது. “உங்களுக்கு விருப்பமான நிறத்தை மூன்று எண்களாற் கண்டுபிடியுங்கள்” என்று விட்டேன். ஒருத்தி மாம்பழத்தின் நிறத்தைத் தேடினாள். ஒருவன் தன் பாடசாலைக் கொடியின் நிறத்தைத் தேடினான். எண்ணைக் கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மணி நேரத்திலே தாமாகவே கண்டுகொண்டனர்.

அதன்பின் வைகறை வானம். நம் திருக்கோணமலையிலே ஞாயிறு கடலினின்று எழுவதை எல்லாப் பிள்ளைகளுங் கண்டிருக்கின்றனர். திரையின் மேலிருந்து கீழாக 256 கோடுகள். மேலே கருநீலம், கீழே செம்மஞ்சள். ஒவ்வொரு கோட்டையுந் தனித்தனி எழுதப் புகுந்தவன் பத்தாவது கோட்டிலே சலித்துப் போவான். “சிவப்பின் எண்ணைக் கோட்டின் எண்ணாகவே வைத்துவிட்டால் என்ன?” என்று கேட்கும் பிள்ளை மாறியின் பயனை உணர்ந்துவிட்டது. மூன்று நான்கு வரிச் செய்நிரலில் வானம் முழுதும் விடிகின்றது. முதல் நாள் அதனைக் கண்டபோது பிள்ளைகளைப் போல நானுங் கை தட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கின்றேன்.

ஆமையும் முக்கோணமும்

படம் வரைந்து செய்நிரல் கற்கும் முறைக்கு வரலாறு உண்டு. 1967இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே, சீமோர் பப்பேட், வொலி பியூர்செய்க், சிந்தியா சொலமன் ஆகியோர் சிறுவர்க்கென ‘லோகோ’ என்னும் கணினி மொழியை ஆக்கினர். தொடக்கத்தில் அது சொற்களோடும் வாக்கியங்களோடும் விளையாடுவதற்காகவே அமைந்தது. பின்னர், பேனையொன்றைத் தாங்கித் தரையிலே ஊர்ந்து கோடு வரையும் பொறியொன்றைச் சேர்த்தனர். அதற்கு ‘ஆமை’ என்று பெயர். காலப்போக்கில் அவ் ஆமை தரையைவிட்டுத் திரைக்கு ஏறியது. பப்பேட் தம் கருத்துகளை 1980இல் ‘மைண்ட்ஸ்டோர்ம்ஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார். அவர் வலியுறுத்தியது ஒன்று: பிள்ளை தன்னை ஆமையாகப் பாவித்து, தன் உடலாலேயே வடிவத்தை உணர வேண்டும். முடிவு சரியா, பிழையா என்று கேட்பதினும், பிழையை எவ்வாறு திருத்தலாம் என்று கேட்பதே கல்வி.

ஆமைக்குக் கட்டளை எளிது. “100 அடி முன்னே போ, 90 பாகை வலப்புறந் திரும்பு. இதனை 4 முறை செய்.” சதுரம் தோன்றும். சென்ற ஆண்டு, கணிதமென்றாலே முகங்கோணும் சிறுவன் ஒருவன் சதுரத்தை முடித்துவிட்டு முக்கோணத்துக்குப் போனான். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்பது அவனுக்கு மனனம். ஆகவே, “100 அடி போ, 60 பாகை திரும்பு, 3 முறை செய்” என்று எழுதினான். திரையிலே முக்கோணம் வரவில்லை. வாய் திறந்த கிண்ணம்போல் ஏதோ வந்தது.

“சேர், இந்த ஆமைக்கு முக்கோணம் தெரியாது” என்றான்.

“தம்பி, அதற்குச் சதுரமுந் தெரியாது, நீ சொன்னதைத்தான் செய்தது. முற்றத்தில் நீயே ஆமையாக நடந்து பார்” என்றேன்.

சுண்ணக்கட்டியால் முற்றத்தில் முக்கோணமொன்று கீறி அதன்மேல் நடந்தான். முதன் மூலையை அடைந்ததும் நின்றான். நேரே செல்லும் வழியிலிருந்து எவ்வளவு திரும்ப வேண்டியிருக்கின்றது என்பதைத் தன் கால்களாலும் தோள்களாலும் அளந்தான். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், “உள்ளுக்குத்தான் அறுபது; நான் திரும்ப வேண்டியது வெளியில மிச்சம்!” என்று கூவிக்கொண்டு ஓடிவந்து 120 என்று மாற்றினான். முக்கோணம் மூடிக்கொண்டது.

அதனோடு அவன் விடவில்லை. முன்னர் வந்த கிண்ணத்தை ஆராய்ந்து, மூன்று முறைக்குப் பதிலாக ஆறு முறை செய்ய வைத்தான்; அறுகோணம் வந்தது. ஐங்கோணத்துக்கு 72, எண்கோணத்துக்கு 45 என்று கண்டான். ஆமை ஒரு சுற்றுச் சுற்றி முன்பிருந்த முகமாகவே திரும்புவதற்கு மொத்தம் 360 பாகை வேண்டும் என்பதையும், அதனைப் பக்கங்களின் எண்ணிக்கையாற் பிரித்தாற் போதும் என்பதையும் யாருஞ் சொல்லாமலே கண்டுபிடித்தான். 144 பாகையில் ஐந்து முறை திருப்பினால் ஐம்முனை நட்சத்திரம் வருவதையும், அங்கே ஆமை இரண்டு சுற்றுச் சுற்றுகின்றது என்பதையும் அடுத்த வாரம் அவனே பிறர்க்கு விளக்கினான். புறக்கோணங்களின் கூட்டுத்தொகை பற்றிய தேற்றத்தை அவன் பாடநூலிலே முன்னரே படித்திருந்தான், பரீட்சையில் எழுதியுமிருந்தான். அஃது அவனுடைய அறிவாயிற்று அன்றைக்கேயாம்.

துறைமுக விளக்குகள்

நிபந்தனையைக் கற்பிப்பதற்கு நம் துறைமுகத்தைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. இரவிலே ஓடும் கப்பலின் இடப்பக்கத்திற் சிவப்பு விளக்கும், வலப்பக்கத்திற் பச்சை விளக்கும், பின்புறத்தில் வெள்ளை விளக்கும் எரிதல் வேண்டுமென்பது உலகப் பொது விதி. இருளிலே உருவந் தெரியாவிடினும் நிறத்தைக்கொண்டு கப்பலின் போக்கை அறியலாம். சிவப்பும் பச்சையும் ஒருங்கே தெரிந்தால் அது நம்மை நோக்கி வருகின்றது. சிவப்பு மட்டுந் தெரிந்தால் அதன் இடப்பக்கத்தைக் காண்கின்றோம். பச்சை மட்டுமாயின் வலப்பக்கத்தை. இதனைத் திரையிலே படமாக அமைத்து, கப்பலைச் சுற்றித் திருப்பத் திருப்ப எவ் விளக்குத் தெரிய வேண்டும் என்று செய்நிரல் எழுதச் சொன்னேன்.

“வெள்ளை மட்டுந் தெரிந்தால் கப்பல் நம்மைவிட்டு விலகிச் செல்கின்றது” என்று நான் கரும்பலகையில் எழுதினேன். மீன்பிடித் தொழில் செய்பவரின் மகளாகிய சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்: “சேர், அது நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலாயும் இருக்கலாம். வெள்ளையைக் கண்டு ஓடுது என்று நினைக்கக்கூடாது எண்டு அப்பா சொல்லுறவர்.”

அவள் கூறியதே சரி. நங்கூரமிட்ட கப்பலும் வெள்ளை விளக்கே காட்டும். நான் எழுதியதை அழித்துவிட்டு, இரு நிலைமைகளையும் வேறுபடுத்த இன்னொரு வினா வேண்டுமென்று எழுதினேன்: விளக்கு இடம் பெயர்கின்றதா, இல்லையா? செய்நிரலிலே விடுபட்ட ஒரு நிபந்தனை கடலிலே ஒரு படகை மோதவைக்கக் கூடும் என்பதை அன்று யாவரும் உணர்ந்தோம். வீட்டிற் கேட்ட அறிவு வகுப்பிலே மதிக்கப்பெற்றதனால் அச் சிறுமி பெற்ற ஊக்கத்தையும் நான் கண்டேன்.

சில ஐயங்களும் எல்லைகளும்

“இஃது எல்லாம் விளையாட்டு, பரீட்சைக்கு உதவுமா?” என்று பெற்றோர் கேட்பர். பரீட்சையிலே வருவனவும் மாறியும் நிபந்தனையும் மீளச் செய்தலுமே. அவற்றின் பொருளை உணர்ந்த பிள்ளை எந்த மொழியிலும் அவற்றை எழுதக் கற்றுக்கொள்ளும்.

ஆயினும், இம் முறைக்கு எல்லைகள் இல்லாமல் இல்லை. சில பிள்ளைகள் நிறத்தை மாற்றி மாற்றி அழகு பார்ப்பதோடு நின்றுவிடுவர். விதியைத் தேட மாட்டார். அவர்களிடம், “இதனை இன்னும் குறைந்த வரிகளில் எழுத முடியுமா? ஐந்து புள்ளிக்கு எழுதியது ஒன்பது புள்ளிக்குச் சரிவருமா?” என்று கேட்டு, அழகிலிருந்து சிந்தனைக்கு அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடன். பெயர்ப் பட்டியலை அகர வரிசைப்படுத்தல், கடைக் கணக்கைச் சரிபார்த்தல் போன்ற வேலைகளைப் படம் கற்பிக்காது. உரிய காலத்திலே அவற்றுக்குஞ் செல்ல வேண்டும். வாயிலிலேயே நின்றுவிட்டால் வீட்டினுட் புக முடியாது.

இன்னுமொன்றை ஆசிரியர்கள் மறத்தலாகாது. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத பிள்ளைகள், சிறப்பாக ஆண்பிள்ளைகள், எப் பாடசாலையிலும் சிலர் இருப்பர். அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜோன் டால்ரன் தமக்கே இக் குறை இருந்ததைக் கண்டு 1794இல் அதுபற்றி எழுதினார். நிறத்தைப் பிழையாகச் சொல்லும் பிள்ளையைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்ளாமல், நிறத்தோடு எண்ணையோ எழுத்தையோ சேர்த்து எழுதிவைத்தால் அவனும் மற்றவரோடு ஒப்பக் கற்பான்.

மொழித் தடையும் முன்போல் இல்லை. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளை எழுதத்தக்க ‘எழில்’ என்னும் கணினி மொழியை முத்து அண்ணாமலை என்பார் ஆக்கியுள்ளார். உலகெங்கும் வழங்கும் பைதன் மொழியிலும், 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதலாக, நாம் ஆக்கும் செயல்களுக்கும் மாறிகளுக்கும் தமிழிலே பெயரிடலாம். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலமாயிருக்கும். ‘முக்கோணம்’, ‘வைகறை’ என்று தம் மொழியிற் பெயரிட்ட செயல்களைக் கணினி ஏற்று நடத்துவதைக் காணும்போது, அது பிறருடைய பொருள் என்னும் எண்ணம் பிள்ளைகளைவிட்டு அகலுகின்றது. பைதன் மொழியோடு ஆமை இலவசமாகவே வருகின்றது. பழைய, வேகங் குறைந்த கணினிகளிலும் அஃது ஊரும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

வெளிநாடுகளிலும் கொழும்பிலும் வாழும் நம் பழைய மாணவர்கள் பிறந்த மண்ணின் பாடசாலைகளுக்குக் கணினிகளை அனுப்புகின்றனர். அக் கொடை போற்றற்குரியது. ஆனால், இயந்திரம் வந்து சேர்ந்த அளவில் கல்வி வந்துவிடுவதில்லை. பிள்ளையின் அருகே அமர்ந்து, அது பிழைவிடும்போது பொறுமையோடு காத்திருந்து, “நீயே நடந்து பார்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்குக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை. கோலம் போடத் தெரிந்த தாயாரும், சித்திர ஆசிரியரும், கடலறிந்த தந்தையும், ஓய்வு பெற்ற எழுதுவினைஞரும் இப் பணிக்குத் தகுதியுடையோரே. கல்லூரியை அண்மையில் விட்டு நீங்கி, பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் அவரினும் தகுதியுடையோர்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கணினிப் பாடத்தின் முதற் சில வாரங்களையேனும் சித்திரப் பாடத்தோடும் கணிதத்தோடும் சேர்த்து நடத்திப் பாருங்கள். மாணவத் தம்பியர்க்குச் சொல்வது இது: உங்கள் முதற் செய்நிரல் பிழைக்கும், அதனால் வெட்கமுற வேண்டா. முக்கோணம் கிண்ணமாக வந்தால், அக் கிண்ணத்தை அழிக்குமுன் அது ஏன் அவ்வாறு வந்ததென்று கேளுங்கள்.

கிண்ணம் வரைந்த அச் சிறுவன் இவ்வாண்டு தன்னினும் இளையோர் நால்வர்க்கு ஆமைப் பாடம் நடத்துகின்றான். அவர்களுள் ஒருத்தி சென்ற கிழமை முக்கோணத்துக்கு 60 என்று எழுதினாள். அவன் விடையைச் சொல்லவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து அவள் கையிற் கொடுத்து முற்றத்தைக் காட்டினான். அப்பொழுது நான் விறாந்தையின் ஓரத்திற் பேசாதிருந்தேன்.

இவ் விழா நாட்களிலே திருமலைக்கு வரும் அன்பர்கள் ஒரு சனிக்கிழமை காலை அன்புவழிபுரம் வந்து இப் பிள்ளைகளோடு சிறிது நேரம் இருந்து செல்ல வேண்டுமென அன்போடு அழைக்கின்றேன். வரும்போது ஒரு பெட்டி நிறப் பென்சில் கொண்டுவந்தாற் போதும்.

நம் கல்லூரி வாழ்க. அது ஏற்றிய விளக்கு மேன்மேலும் ஒளிர்க.